சாயாத தட்டு

தெற்குவாசலில் சேக் இஸ்மாயில் ராவுத்தரின் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் மூக்கில் ஏறுவது திப்பிலி நெடி. அதற்குப் பிறகுதான் மனிதர்கள் கண்ணில் படுவார்கள். ராவுத்தரின் நாட்டு மருந்துக்கடை கீழமாசி வீதியில் இருந்தது. அங்கே விற்கிற சரக்கு பெரும்பாலும் இந்த வீட்டு மொட்டைமாடியில் காய்ந்து, முற்றத்தில் இடிபட்டு, சலிக்கப்பட்டு, பொட்டலமாகிக் கடைக்குப் போகும். விற்பது ஆண்களின் வேலை. எடை போட்டு மடிப்பது வீட்டுப் பெண்களின் வேலை.

அமீருன்னிசா ராவுத்தரின் மகள். எட்டாம் வகுப்புவரை மிஷன் பெண்கள் பள்ளியில் படித்தாள். படிப்பை நிறுத்திய பிறகு தராசுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதினேழு வயதில் மேலூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். ஒரு கோடையில் வாந்திபேதி கண்டு கணவன் இறந்தான். கைக்குழந்தை லத்தீபாவோடு திரும்பி வந்து, பழைய இடத்திலேயே, பழைய தராசுக்கு முன்னால் மறுபடியும் உட்கார்ந்தாள். இது 1929-ஆம் வருஷம்.

அந்த வீட்டில் எடை போடுவதற்கு ஒரு முறை உண்டு. சரக்கும் படிக்கல்லும் சமமாக நின்றால் எடை முடிந்தது என்று கணக்கில்லை. சரக்குத் தட்டு சற்றுக் கீழே இறங்க வேண்டும். அதற்காகக் கடைசியில் மூன்று விரலால் ஒரு சிட்டிகை அள்ளிப் போடுவார்கள். நிறுக்கிறபோது வாங்குகிறவர் பக்கம் சாய்த்துக் கொடுக்க மார்க்கத்தில் சொல்லியிருக்கிறது என்பது ராவுத்தர் தன் தகப்பனாரிடம் கேட்டு வளர்ந்த விஷயம். சலித்து நிறுத்து முடித்தபின் முறத்திலும் காகிதத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் தூளையும் தட்டித் திரட்டி, மடித்த பொட்டலங்களைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுவிடுவார்கள். அது வாங்குகிறவனின் பொருள். கடைக்காரன் வீட்டில் தங்கக் கூடாது. அந்த வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டே, பிள்ளையைத் தொடையில் போட்டு ஆட்டிக்கொண்டே இதைச் செய்வார்கள். கை தானாகச் செய்யும்.

தம்பி நைனா முகமது கடையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தான். தான் இருக்கிறவரை அக்காளுக்கு இந்த வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை என்று நாலு பேர் முன்னால் சொன்னான். மனசாரத்தான் சொன்னான். அமீருன்னிசாவும் அதை நம்பினாள். ஆனால் லத்தீபா தத்தித் தத்தி நடந்து வந்து தராசுத் தட்டைப் பிடித்து இழுத்தபோது, இன்னும் சில வருஷத்தில் இந்தப் பிள்ளையும் எதிரே உட்கார்ந்து சிட்டிகை போடும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் பிறகு அவளை விடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஊரில் இருந்த பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டர் படிப்புக்கு ஆள் எடுத்தார்கள். வண்டியூரில் பெண்களுக்கென்று ஒரு மருந்தகம் திறக்க ஏற்பாடாகியிருந்தது. அக்கம்பக்கத்து முஸ்லிம் வீடுகளிலிருந்தும் பெண்கள் தயங்காமல் வர வேண்டும் என்பதால், தேறுகிற ஆள் முஸ்லிம் பெண்ணாக இருந்தால் அந்த வேலையும் அதோடு சேர்ந்த இரண்டு அறை வீடும் அவளுக்கே என்றார்கள். அங்கேயே தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. அமீருன்னிசாவுக்கு அதுதான் முக்கியம். பரீட்சையில் இரண்டு தடவை தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள் என்றும் சொன்னார்கள்.

ராவுத்தர் சரி என்றார். நைனா முகமதுக்கு விளங்கவில்லை.

"மருந்து நிறுத்து மடிக்கிறதுக்கு ஒரு படிப்பா? இங்கே செய்யாத எதை அங்கே போய்ச் செய்யப் போறே?" என்றான்.

அமீருன்னிசா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, திரை கட்டிய ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கினாள்.

படிப்பு நான்கு பாகமாக இருந்தது. முதலாவது, மருந்துச் சரக்கை இனம் காண்பது. வேர், பட்டை, இலை, விதை, பிசின் எல்லாம் கண்ணாடிக் குப்பிகளில் பெயரில்லாமல் வரிசையாக இருக்கும். எடுத்து முகர்ந்து, உடைத்துப் பார்த்து, பெயரும் விளையும் இடமும் உபயோகமும் சொல்ல வேண்டும். நிலாவிரை, பெருங்காயம், அதிமதுரம் எல்லாம் அவளுக்கு வீட்டுச் சரக்கு. ஆனால் தமிழ்ப் பெயர் சொன்னால் மதிப்பெண் இல்லை. லத்தீன் பெயரும் தாவரக் குடும்பமும் வேண்டும். தெரிந்த சரக்குக்கே புதுப் பெயர் மனப்பாடம் செய்வது, தெரியாத சரக்கைப் படிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது ரசாயனம். அமிலம், காரம், உப்பு. எதை எதோடு சேர்த்தால் பொங்கும், எது நிறம் மாறும், எது அடியில் தங்கும். மூன்றாவது, டோஸ் கணக்கு. ஒவ்வொரு மருந்துக்கும் பெரியவர்களுக்கு எவ்வளவு, வயதுக்குத் தக்கபடி குழந்தைக்கு எவ்வளவு என்று நெட்டுருப் போட வேண்டும். டாக்டரம்மா எழுதுகிற சீட்டில் அளவு தவறியிருந்தால் கலக்காமல் திருப்பிக் கேட்பதும் கம்பவுண்டரின் கடமை.

நான்காவதுதான் பெரியது. மருந்து கலப்பது. எண்ணெயையும் தண்ணீரையும் பிசின் போட்டு ஒன்றாக அரைப்பது, களிம்பைக் கண்ணாடிப் பலகையில் தேய்ப்பது, மாத்திரை உருட்டுவது, தூள் பிரித்து மடிப்பது, எவ்வளவு குடிப்பது என்று தெரிய மிக்ஸ்சர் பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக்கு ஒரு வெட்டு வெட்டிய காகிதத்தை ஒட்டுவது.

இதைக் கற்றுக்கொடுத்தவள் தலைமைக் கம்பவுண்டர் செல்லத்தாய். நாசரேத்துப் பக்கத்துக்காரி. நாற்பது வயதிருக்கும். அதட்டிப் பேச மாட்டாள். ஆனால் அவள் பக்கத்தில் வந்து நின்றால் எல்லோரும் நிறுத்ததை மறுபடி நிறுப்பார்கள். எட்டிச்சத்து கலந்த மிக்ஸ்சரில் புரோமைடு உப்பைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள் பாட்டிலில் கலந்தே காட்டினாள். கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தது. மறுநாள் பார்த்தால் அடியில் ஊசி ஊசியாகப் படிந்திருந்தது. மேலே இருப்பதைக் குடிக்கிற வரையில் நோயாளிக்கு ஒன்றும் ஆகாது, கடைசி வேளையில் மொத்த விஷமும் வயிற்றுக்குள் போகும் என்றாள். கூடப் படித்த ரெங்கம்மாள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

தூள் பிரிப்பதற்குப் பழக அரிசி மாவு கொடுத்தார்கள். அமீருன்னிசா மடித்த பொட்டலம் அந்த வகுப்பிலேயே அழகாக இருந்தது. ஓரம் பிசகாது, தூள் சிந்தாது. எடைதான் எப்போதும் கூடுதலாக வந்தது. தராசில் பழுது என்று நினைத்து மாற்றிக் கொடுத்தார்கள். மறுபடியும் கூடியது. செல்லத்தாய் ஒரு நாள் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் நேராக நின்றது. அமீருன்னிசாவின் இடது கை மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் போட்டது.

"அது என்ன?" என்று கேட்டாள் செல்லத்தாய்.

"எது அக்கா?"

"இப்பப் போட்டியே, அது."

அமீருன்னிசா தன் விரலைப் பார்த்தாள். மாவு ஒட்டியிருந்தது. போட்டது அவளுக்கே தெரியவில்லை. பிறகு தங்கள் வீட்டு முறையைச் சொன்னாள். சமமாக நிறுத்துக் கொடுப்பது அவர்கள் வீட்டில் ஏறக்குறைய திருட்டு என்றாள்.

ரெங்கம்மாள் சிரித்தாள். "இனிமே எங்க வீட்டுக்குச் சுக்கு, மிளகெல்லாம் உங்க கடையிலதான்டி. காய்ச்சல் மருந்துக்கு மட்டும் வேற எங்கயாச்சும் போயிக்கிறேன்."

செல்லத்தாய் சிரிக்கவில்லை. தட்டைப் பார்க்காதே, முள்ளை மட்டும் பார் என்றாள். இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வேலை செய்யச் சொன்னாள். சிட்டிகையாகப் போடாமல், கரண்டியின் காம்பை விரலால் தட்டி, பொடி பொடியாக உதிர வைக்கக் காட்டிக் கொடுத்தாள். இடது கை பல தடவை மடியிலிருந்து எழுந்து வந்தது. பிறகு எழவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் அவளுடைய பொட்டலங்கள் சரியான எடைக்கு வந்துவிட்டன. எல்லோரும் விஷயம் தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

பரீட்சைக்குச் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். சரக்கு இனம் காண்பதிலும் டோஸ் கணக்கிலும் அமீருன்னிசாவுக்குத் தடங்கல் இல்லை. செய்முறையில் ஒரு குழந்தைக்கு பாதரசம் சேர்ந்த ரசகர்ப்பூரத் தூள், பால் சர்க்கரையோடு கலந்து, ஆறு பொட்டலம் கேட்டிருந்தார்கள். இதற்கு ஒரு விதி உண்டு. அரைக்கிற கல்வத்திலும் காகிதத்திலும் ஒட்டிச் சேதமாகும் என்பதால், ஆறு வேண்டுமானால் ஏழுக்கு மருந்து எடுத்துக் கலக்க வேண்டும். ஆறைச் சரியாக நிறுத்து மடித்தபின் மிஞ்சுவதைக் கொட்டிவிட வேண்டும். கலந்த மருந்து குப்பிக்குத் திரும்பக் கூடாது. அமீருன்னிசா இதைப் புத்தகத்தில் படித்திருந்தாள். கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். ஆனால் பழகியது முழுக்க அரிசி மாவில். மாவில் மிஞ்சியதை யாரும் கொட்டவில்லை. மறுநாளைக்கு ஆகும் என்று டப்பாவிலேயே போட்டு வந்தார்கள்.

முள் நேராக நின்று ஆறு பொட்டலமும் முடிந்தன. காகிதத்தின் நடுவில் வெள்ளையாகக் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது. போட டப்பா இல்லை. பரீட்சகர் அடுத்த மேஜைக்குப் போயிருந்தார். அவளுடைய கை ஆறு பொட்டலத்தையும் பிரித்தது, மிச்சத்தைப் பங்கு போட்டது, மறுபடி மடித்தது.

பரீட்சகர் ஒரு பொட்டலத்தை எடுத்து நிறுத்துப் பார்த்தார். இன்னொன்றையும் நிறுத்தார். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

செய்முறையில் தவறினால் மொத்தமும் தவறியதுதான். ரெங்கம்மாள் தேறினாள்.

செல்லத்தாய் விசாரித்துத் தெரிந்துகொண்டு, "மிச்சத்தைக் கொட்டணும்னு தெரியாதா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றாள் அமீருன்னிசா. பின்னே ஏன் என்று கேட்டதற்கு, கை பிரித்துவிட்டது என்றாள்.

அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது. வண்டியூர் மருந்தகத்துக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் அவள் தேறாவிட்டால் வேலூரிலிருந்து வேறொரு முஸ்லிம் பெண் வருவாள் என்று ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். நைனா முகமது அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அதிமதுரம் நாலு மூட்டை வந்திருக்கிறது, கை சும்மா இருந்தால் கொஞ்சம் பார் என்று கேட்டுக்கொண்டான். அவளும் பார்த்தாள். பகலில் முள்ளை நேராக நிறுத்தப் பழகி, மாலையில் தட்டைச் சாய்த்துக் கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ராவுத்தர் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அமீருன்னிசா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தா, நம்ம கடையிலே தட்டைச் சாய்க்காமக் குடுக்குற சரக்கு ஏதாச்சும் இருக்கா?"

அவர் யோசிக்கவில்லை. "இருக்கு. நேர்வாளம், எட்டிக்கொட்டை, சேங்கொட்டை."

"அதெல்லாம் நான் நிறுத்ததே இல்லையே."

"புள்ளைக உருண்டு வெளையாடுற வீட்டுக்கு அதை எப்படிம்மா கொண்டார்றது? கடையிலே வச்சு நானே நிறுத்துருவேன்."

"அப்ப அதைச் சமமா நிறுப்பீங்களா?"

"சமமாவா?" ராவுத்தருக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கும் தட்டு சாயும். ஆனா படிக்கல்லு பக்கம்."

"கொறைச்சுக் குடுத்தாப் பாவம் இல்லையா?"

"கூடக் குடுத்தா உசுருக்கு ஆபத்து. கொறைச்சதுக்கு ஈடா ரெண்டு கற்கண்டைப் போட்டு மடிச்சுருவேன். மறுமையிலே எனக்கும் வாங்குனவனுக்கும் கணக்கு நேராயிரும்ல."

அவர் எழுந்து வாய் கொப்பளிக்கப் போனார். அமீருன்னிசா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் தட்டு ஒரு பக்கம்தான் சாயும் என்று நினைத்திருந்தாள். விஷச் சரக்கு வீட்டுக்குள் வராததால் மறுபக்கத்தை அவள் பார்த்ததில்லை. அத்தாவுக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி கேட்பது அந்த இரண்டும் அல்ல. குறைந்தால் நோய் போகாது, கூடினால் குழந்தை தாங்காது. அதற்கு மேல் அத்தாவிடம் கேட்டுப் பயன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து வீட்டுத் தராசை அவள் தொடவில்லை. இடிக்கிறேன், சலிக்கிறேன், எடை மட்டும் வேண்டாம் என்றாள். வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. படித்தவளுக்குத் தராசு சுடுகிறதா என்று நைனா முகமதின் மனைவி கேட்டாள். அமீருன்னிசா சல்லடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

செல்லத்தாயிடம் சொல்லி, பழகுகிற மேஜையில், மிஞ்சிய மாவைத் திருப்பிப் போட டப்பா வைக்காமல் பார்த்துக்கொண்டாள். முதலில் ஒரு யுக்தி செய்தாள். ஆறு பொட்டலம் நிறுப்பதற்கு முன்பே ஏழாவது பங்கை எடுத்துக் கொட்டிவிட்டால் கடைசியில் மிச்சமே இருக்காது அல்லவா? செய்து பார்த்தாள். கடைசிப் பொட்டலத்துக்கு மாவு போதவில்லை. அந்த ஏழாவது பங்கு சேதத்துக்காக இருப்பது. சேதம் எவ்வளவு என்று கடைசியில்தான் தெரியும். செல்லத்தாய் அந்தக் குறைப் பொட்டலத்தை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு அவள் வேறு விதமாக யோசித்தாள். மிச்சத்தைக் காகிதத்தில் பார்த்ததும் கை தேடுவது ஒரு பொட்டலத்தை. அதற்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டால் என்ன? ஆறு காகிதம் விரிக்கிற இடத்தில் ஏழு விரித்தாள். ஏழாவதை மற்ற ஆறோடு சேர்க்காமல், மேஜையின் இடது ஓரத்தில், தனியாக. ஆறையும் நிறுத்து முடித்ததும் மிச்சத்தை நிறுக்காமல் அப்படியே ஏழாவதில் வழித்துப் போட்டாள். கை போனது, போட்டது, மடித்தது, நின்றுவிட்டது. அந்தப் பொட்டலத்தை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். ஒரு முறை செய்தபின் இன்னொரு முறை. மாவு தீரத் தீரச் செல்லத்தாய் புதிதாக அளந்து வைத்தாள்.

இரண்டாவது பரீட்சைக்கும் அதே டாக்டர்தான் வந்தார். இந்தத் தடவை அபினியும் இப்பிகாக் வேரும் சேர்ந்த தூள். அதுவும் ஆறு பொட்டலம். அவளை அவர் அடையாளம் கண்டுகொண்டாரோ என்னவோ, அவளுடைய மேஜையை விட்டு நகரவில்லை. அமீருன்னிசா ஏழு காகிதத்தை விரித்தாள். அவர் அதைக் கவனித்தார். கல்வத்தில் கலந்தாள், நிறுத்தாள், மடித்தாள். முள்ளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. மிஞ்சியதை ஏழாவது காகிதத்தில் போட்டு, மற்றவற்றைப் போலவே ஓரம் பிசகாமல் மடித்தாள்.

"ஆறுதானே கேட்டிருக்கு. இது யாருக்கு?" என்றார் பரீட்சகர்.

"இது யாருக்கும் இல்லைங்க," என்று சொல்லிவிட்டு அமீருன்னிசா அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

கொட்ட வேண்டியதை எதற்கு மடிக்கிறாய் என்று அவர் கேட்டார். மடிக்காவிட்டால் கை நிற்காது என்றாள். அவருக்கு விளங்கியிருக்காது. ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தார். அதற்கு வெகுநேரம் ஆனது. கடைசிப் பொட்டலத்தையும் கீழே வைத்துவிட்டு, அடுத்து களிம்பு தேய்த்துக் காட்டச் சொன்னார்.

1933 கடைசியில் அமீருன்னிசா லத்தீபாவோடு வண்டியூருக்குக் குடிபோனாள். நைனா முகமதுதான் மாட்டுவண்டி பிடித்துச் சாமான்களை ஏற்றி வந்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்தான். மருந்தகத்துக்குள் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசை வெகுநேரம் குனிந்து பார்த்தான். மூச்சுப் பட்டால்கூட ஆடுகிறதே, இதில் எப்படி வியாபாரம் செய்வது என்று கேட்டுவிட்டுப் போனான். லத்தீபாவை அடுத்த வாரம் பள்ளியில் சேர்த்தார்கள்.

மருந்தகத்துக்குச் சுற்று வட்டாரத்துப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பது அமீருன்னிசாவின் வேலை. நாற்று நடுகிற காலத்தில் காய்ச்சல்காரக் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். ஊருக்குள் அவளைப் பற்றி நல்ல பேச்சுதான். முகம் சுளிக்க மாட்டாள், சாதி பார்க்க மாட்டாள், பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற விதத்தைப் பொறுமையாகச் சொல்லித் தருவாள் என்றார்கள். ஒரு குறை மட்டும் எல்லோரும் சொன்னார்கள். கம்பவுண்டரம்மாவுக்குக் கை இறுக்கம். நாளாவட்டத்தில் அந்த மருந்தகத்துக்கு வழி கேட்கிறவர்களிடம் 'இறுக்கக்கையம்மா ஆஸ்பத்திரியா?' என்று கேட்டுத்தான் வழி சொன்னார்கள். பத்துப் பதினைந்து வருஷம் அந்தப் பெயர் நிலைத்தது. அவளும் அதை மறுக்கவில்லை.

திறந்த முதல் வருஷமே அதைத் தொடங்கி வைத்தவள் பாண்டியம்மாள் என்கிற, வயல் வேலை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். பேரனுக்கு இருமல். பாட்டிலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மருந்து, காகிதத்தின் மேல் வெட்டு வரைக்கும் நின்றது, கழுத்துவரை வரவில்லை.

"ஏந்தாயி, நீங்க கீழமாசி வீதி ராவுத்தர் மகளாம்ல. அவரு கடையிலே காலணாவுக்குச் சீரகம் வாங்குனாக்கூட அள்ளிப் போடுவாரே. கவருமெண்டு தண்ணிதானே இது? இன்னும் ஒரு விரக்கடை ஊத்துனா என்ன கொறஞ்சா போகும்?"

"அம்புட்டுத்தான் பாட்டி."

"அவரு கையி உங்களுக்கு வரலையே தாயி."

அமீருன்னிசா பாட்டிலுக்குத் தக்கை வைத்து இறுக்கி, வேளைக்கு ஒரு வெட்டுத்தான் குடுக்கணும், குலுக்கிட்டுக் குடுக்கணும் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள். பாண்டியம்மாள் பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு, வரிசையில் நின்றவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி வெளியே போனாள். அடுத்த பெண் சீட்டை நீட்டினாள்.